வோக்கியில் தமிழ்

பனியைப் படம் பிடிக்கும்போது கமரா சொல்வதை அப்படியே நம்பக்கூடாது. எங்கு பார்த்தாலும் வெள்ளையாக இருப்பதைக் கண்டு அது மிரண்டுபோய் எல்லாவற்றையும் இருட்டாக்கிவிடும். பனி பழைய வேட்டி மாதிரி மங்கித் தெரியும். அதனால் கமரா கேட்பதைவிட ஒரு படி கூடுதலாக வெளிச்சம் கொடுக்க வேண்டும். வின்டர்தூரில் என்னிடம் படப்பிடிப்புப் பழக வருகிறவர்களுக்கு நான் முதல் நாள் சொல்வது இதைத்தான்.

நீங்கள் கேட்டது இதையல்ல என்று தெரியும். நிலக்ஷன் எப்படி இறந்தான் என்று கேட்டீர்கள். அதைச் சொல்வதில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை. நீங்கள் விசாரணைக்குக் கூப்பிட்டவுடன் அடுத்த ரயிலிலேயே ஏறி வந்துவிட்டேன். என் டொச்சிலும், ஜெர்மன் மொழியிலும்தான், குறை இல்லை. டாவோஸில் பிறந்தவன், கனவுகூட அந்த மொழியில்தான் வருகிறது. ஆனால் அன்று நடந்தது தமிழில் நடந்தது. அதனால் தமிழிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் பக்கத்தில் இருந்து மொழிபெயர்க்கும் அம்மா ஆறுதலாக எழுதிக்கொள்ளட்டும்.

என் அப்பாவும் நிலக்ஷனின் அப்பா யோகராஜாவும் டாவோஸில் ஒரே ஹோட்டலின் அடுக்களையில் கோப்பை கழுவியவர்கள். ஒரே கட்டடத்தில் மேல் வீடு எங்களுடையது, கீழ் வீடு அவர்களுடையது. நிலக்ஷன் என்னைவிட நான்கு வயது இளையவன். அவனுக்கு ஒரு தங்கை, மதுஜா. எங்கள் ஆட்களுக்குப் பனி என்றால் விடிய எழும்பிப் படியில் உப்புத் தூவுகிற வேலை, அவ்வளவுதான். பிள்ளைகளை மிருதங்கத்துக்கு அனுப்புவார்கள், தமிழ்ப் பள்ளிக்கு அனுப்புவார்கள், மிஞ்சிப் போனால் உதைபந்தாட்டத்துக்கு விடுவார்கள். காலைப் பலகையில் கட்டிக்கொண்டு மலையிலிருந்து குதிக்கிற பிள்ளை யார் வீட்டிலும் இருந்ததில்லை.

நிலக்ஷன் குதித்தான். ஹோட்டலுக்கு வந்த யாரோ விட்டுவிட்டுப் போன ஸ்னோபோட் ஒன்று அவனிடம் வந்து சேர்ந்தது. 2009 குளிர்காலத்தில் நான் என் முதல் கமராவோடு அவன் பின்னால் போனேன். அவன் காற்றில் போகும்போது அவசரமே இருக்காது. மற்றவர்கள் குதித்தால் குதித்த மாதிரி இருக்கும். இவன் எதையோ எடுக்க மறந்து திரும்பிப் பார்க்கிறவன் போல ஆறுதலாகச் சுழலுவான். ஆனால் அதை வெறுங்கண்ணால் பார்த்தால் தெரியாது. எந்தப் பக்கம் நின்று எடுக்க வேண்டும், எந்த நொடியில் வேகத்தைக் குறைக்க வேண்டும் என்று தெரிந்த ஒருவன் வேண்டும். அது நான். அவனை எல்லோருக்கும் தெரிய வைத்தது நான் என்று பெருமைக்காகச் சொல்லவில்லை, வேலை அப்படித்தான் நடந்தது.

இந்தப் படங்களைப் பற்றி உங்களுக்கு எவ்வளவு தெரியுமோ எனக்குத் தெரியாது. குளிர்காலம் முழுவதும் எடுப்போம், கோடையில் வெட்டி ஒட்டுவோம், இலையுதிர் காலத்தில் ஏதாவது ஒரு திரையரங்கில் காட்டுவோம். கதை கிடையாது. ஒவ்வொரு வீரருக்கும் ஒரு பாட்டு, ஒரு பகுதி. கடைசிப் பகுதி இருப்பதிலேயே சிறந்தவனுக்கு. அந்தக் கடைசிப் பகுதியின் கடைசிக் குதிப்பைத்தான் ஆட்கள் வீட்டுக்குக் கொண்டு போவார்கள். மற்றது முழுவதும் அதற்கான வழிதான். மூன்று படங்களில் அந்த இடம் நிலக்ஷனுக்குக் கிடைத்தது.

வோக்கியை, நாங்கள் கையில் வைத்துப் பேசும் வோக்கி-டோக்கியைப் பற்றியும் சொல்ல வேண்டும். மேலே நிற்கிறவனுக்குத் தான் வந்து இறங்கப்போகிற இடம் தெரியாது. சரிவு மடிந்து கீழே போய்விடும், அவன் கண்ணுக்கு விளிம்பும் வானமும்தான். கீழே கமராவோடு நிற்கிறவனுக்குத்தான் எல்லாம் தெரியும். அதனால் வோக்கியில் பேசுவது ஒருவர் மட்டும், கமராக்காரர் மட்டும் என்பது எங்கள் சட்டம். இரண்டு பேர் பேசினால் மேலே இருப்பவன் குழம்பிவிடுவான். மலை வழிகாட்டி எதைச் சொன்னாலும் கமராக்காரரிடம்தான் சொல்வார், அவர்தான் மேலே சொல்வார்.

நாங்கள் தமிழில் பேசினோம். டாவோஸில் அந்தக் காலத்தில் பல படக்குழுக்கள் ஒரே அலைவரிசையில் காது வைத்துக்கொண்டு திரிந்தன. நாங்கள் தேடிப் பிடித்த சரிவுக்கு மறுநாள் வேறு யாரோ போய்ச் சறுக்கிக் கோடு போட்டிருப்பார்கள். தமிழில் பேசத் தொடங்கியதும் அந்தத் தொல்லை போய்விட்டது. பிறகு நிலக்ஷனுக்கு அது பழக்கமாகிவிட்டது. "தமிழில வா எண்டு சொன்னாத்தான் அண்ணை எனக்குக் கால் எழும்பும்" என்பான். எங்கள் வழிகாட்டி ரெட்டோ நல்ல மனிதர், பனியோடு பிறந்து வளர்ந்தவர். நாங்கள் கதைப்பதைக் கேட்டுச் சிரிப்பார். அவருக்குத் தெரிந்த ஒரே தமிழ்ச் சொல் 'சோறு'.

2014 மார்ச்சில், பஸ்ஸில் பள்ளத்தாக்குக்குள் போய்க்கொண்டிருந்தபோது நிலக்ஷன் என் பக்கம் திரும்பாமலே கதைத்தான்.

"பரணி அண்ணை, அடுத்த வருசம் நான் இன்ஸ்புறுக் படக்குழு ஆக்களோட போறன்."

"நல்லது தானே."

"கமராக்காரர் அவையளிட்டயே இருக்கினம். நான் உங்களையும் கேட்டனான். அவை ஓம் எண்டு சொல்லேல்லை. கோவிக்கேல்லையே?"

"இல்லையடா."

அது உண்மை. எனக்குக் கோபம் வரவில்லை. கோபம் வந்ததா என்று நானும் என்னைத் தடவிப் பார்த்தேன், ஒன்றும் தட்டுப்படவில்லை. மரத்துப்போன பல்லை நாக்கால் தொட்டுப் பார்ப்பது போல இருந்தது. ஒரு விஷயம் மட்டும் தெளிவாகத் தெரிந்தது. அவன் போனால் பெரிய கமராக்கள், ஹெலிகொப்டர், அலாஸ்கா எல்லாம் வரும். நான் எடுத்த அத்தனை குளிர்காலமும் அவன் சின்னப் பிள்ளையாக இருந்தபோது எடுத்த படம் ஆகிவிடும். யாராவது அவனைப் பற்றி ஒரு படம் எடுத்தால், தொடக்கத்தில் ஒரு நிமிடம் என்னுடையதைப் போடுவார்கள். அதோடு அந்த வருடம் பனி மோசம். படத்துக்கு இன்னும் கடைசிக் குதிப்பு கிடைத்திருக்கவில்லை.

அன்றைக்கு வெயில் நன்றாக இருந்தது. நிலக்ஷன் மலையின் பின்பக்கத்தால் நடந்து மேலே ஏறினான். நானும் ரெட்டோவும் எதிர்ப்பக்கத்து மேட்டில் நின்றோம். நான் கமராவை முக்காலியில் பொருத்திச் சரிசெய்துகொண்டிருந்தபோது ரெட்டோ தூரக்கண்ணாடியால் சரிவைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றவர், "பனியில் விரிசல் ஒன்று ஓடுகிறது. நேற்று இல்லை. அவனை வரவேண்டாம் என்று சொல்லு. வந்த வழியே திரும்பி இறங்கட்டும்" என்றார். அவர் சொன்னது டொச்சில். நான் தலையாட்டிவிட்டு வோக்கியை எடுத்துத் தமிழில் சொன்னேன். ரெட்டோ பொறுக்காமல் தானும் மேலே பார்த்துக் கத்தி, கையை ஆட்டியபடி இரண்டடி முன்னால் ஓடினார். நிலக்ஷன் ஏதோ கேட்டான், அதற்கும் பதில் சொன்னேன். பிறகு அவன் விளிம்பைத் தாண்டி வந்தான்.

அவன் குதித்ததும், சுழன்றதும், இறங்கியதும் சரியாகவே இருந்தன. அவன் இறங்கிய இடத்திலிருந்து சரிவின் பனி முழுவதும் கழன்று பாய்ந்து அவனை மூடியது. சத்தம் கொஞ்சம் பிந்தித்தான் வந்தது. ரெட்டோ கத்திக்கொண்டு கீழே ஓடினார். நான் பனிப்புகை அடங்கும்வரை கமராவை நிறுத்தவில்லை. அதன்பிறகு நானும் ஓடினேன். புதைந்தவரைத் தேடும் கருவி எங்கள் எல்லோரிடமும் இருந்தது. ரெட்டோ கெட்டிக்காரர், இடத்தைச் சீக்கிரமே கண்டுபிடித்துவிட்டார். இரண்டு பேரும் தோண்டினோம். அவனை வெளியே எடுத்தபோது முகத்தில் காயம் ஒன்றும் இல்லை. வாய்க்குள் மட்டும் பனி இருந்தது.

ஹெலிகொப்டர் வந்து போன பிறகு ரெட்டோ பனியில் உட்கார்ந்துவிட்டார். "நீ அவனிடம் சொன்னாய்தானே?" என்று கேட்டார். "சொன்னேன்" என்றேன். என்ன சொன்னேன் என்று அவர் கேட்கவில்லை. அவருக்கு அது தோன்றியிருக்காது.

அன்று விசாரிக்க வந்த அதிகாரியும் மரியாதையான மனிதர். படத்தைக் கேட்டார், சத்தத்தோடு கொடுத்தேன். அதில் என் குரல் இருக்கிறது, ரெட்டோ பின்னால் கத்துவது இருக்கிறது, வோக்கிக்குள்ளிருந்து நிலக்ஷனின் குரல் கரகரவென்று வருகிறது. தமிழ்ப் பகுதிக்கு என்ன பொருள் என்று என்னையே கேட்டார். ஒரு விபத்துக்கு, அதுவும் ஆறேழு வசனத்துக்கு, யார் மொழிபெயர்ப்பாளரைத் தேடிக்கொண்டு போவார்கள். 'நில், வராதே, விரிசல் இருக்கிறது, ரெட்டோ திரும்பிப் போகச் சொல்கிறார்' என்று சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார். இளம் ஆட்களுக்குப் பயம் தெரியாது என்றார். நான் மறுக்கவில்லை.

அப்படித்தான் அந்தக் கதை ஊருக்குள் போனது. நிலக்ஷனை மறித்தார்கள், அவன் கேட்காமல் குதித்தான். செத்த வீட்டில் நான் சுவரோரமாக நின்றேன். அவனுடைய அம்மா ஜெயகௌரி அன்ரி என்னைத் தேடி வந்து இரண்டு கையையும் பிடித்தார்.

"நீ சொன்னனி தானே தம்பி?"

"சொன்னனான் அன்ரி."

"அவன் கேக்கேல்லையே. சொல்வழி கேளாத பிள்ளையைப் பெத்துப்போட்டன்."

அவர் அழுது முடியும்வரை நான் கையை இழுக்கவில்லை. யோகராஜா அங்கிள் அழவே இல்லை. அவன் ஸ்னோபோட்டோடு நிற்கிற படம் ஒன்று அவர்கள் கூடத்தில் தொங்கியது, நான் எடுத்த படம். முப்பத்தோராம் நாள் கிரியை முடிந்த கையோடு அதைக் கழற்றி எங்கேயோ வைத்துவிட்டார். பள்ளிக்கூடத்துச் சீருடை போட்ட மாதிரி இறுக்கமாக உட்கார்ந்திருக்கும் வேறொரு படம் அந்த இடத்துக்கு வந்தது. திவசத்துக்கு ஒவ்வொரு வருடமும் போவேன். வாழைக்காய்ப் பொரியல் எனக்குப் பிடிக்கும் என்று அன்ரி இரண்டாம் தரமும் போடுவார். சொந்தக்காரர் யாராவது கதையை எடுத்தால், "இந்தத் தம்பி மறிச்சவன். இவன் கேக்கேல்லை" என்பார். வருடம் போகப்போக அதைச் சொல்லும்போது அவருடைய குரலில் துக்கம் குறைந்து, மகன் மேல் ஒரு கோபம் ஏறிக்கொண்டே வந்தது. நான் சாப்பிட்டு, கை கழுவி, அடுத்த பஸ்ஸுக்கு வந்துவிடுவேன்.

அந்த இலையுதிர் காலத்தில் படத்தை வின்டர்தூரில் காட்டினோம். கடைசிக் குதிப்பில் சத்தத்தை எடுத்துவிட்டேன், ஒரு பியானோ மட்டும். அரங்கு நிறைந்திருந்தது. முடிந்ததும் யாரும் கை தட்டவில்லை. பிறகு பின்வரிசையில் ஒருவர் எழுந்தார், அப்படியே எல்லோரும் எழுந்து நின்றார்கள். அதற்கு முன்பும் பின்பும் இந்த நாட்டில் ஒரு ஸ்னோபோட் படத்துக்கு அப்படி நடந்து நான் பார்த்ததில்லை. எனக்கு மேலும் மேலும் வேலை வந்தது. வின்டர்தூரில் ஒரு இடம் எடுத்து, சொந்தப் பெயரில் ஸ்டூடியோ போட்டேன். ரெட்டோ வழிகாட்டும் வேலையை விட்டுவிட்டு இப்போது எங்கோ பால் பண்ணையில் இருக்கிறார். இன்னும் கொஞ்சம் உரக்கக் கத்தியிருக்கலாம் என்று அவர் என்னிடம் பல தடவை சொல்லியிருக்கிறார். உங்கள் மேல் பிழை இல்லை என்று நானும் பல தடவை சொல்லியிருக்கிறேன்.

போன மாதம் மதுஜா போன் எடுத்தாள். அவள் இப்போது ஓல்டனில் ஒரு முதியோர் இல்லத்தில் தாதியாக இருக்கிறாள். அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை, அண்ணாவின் குரலைக் கேட்க வேண்டும் என்று நச்சரிக்கிறார் என்றாள். "படங்களில எல்லாத்திலயும் பாட்டுத்தான் இருக்கு, பரணி அண்ணை. அவர் கதைக்கிறது ஒண்டும் உங்களிட்ட இல்லையோ?" என்று கேட்டாள்.

இருந்தது. வெட்டாத, பாட்டுப் போடாத படங்கள் எல்லாவற்றையும் நான் ஒழுங்காக வைத்திருக்கிறேன். அவற்றில் வேறு நாட்களும் இருந்தன. அவன் பகிடி விடுகிற நாட்கள், பனியில் குந்தியிருந்து பாணும் சம்பலும் சாப்பிடுகிற நாட்கள். அவற்றை மட்டும் கொடுத்திருக்கலாம். நான் எல்லாவற்றையும் அனுப்பினேன். அதில் என்ன இருக்கிறது என்று மறந்துவிட்டேன் என்று மதுஜாவிடம் சொன்னேன், உங்களிடமும் முதலில் அப்படித்தான் சொல்வதாக இருந்தேன். அது சரியல்ல. அந்தக் காட்சியைச் சத்தத்தோடு, முழுவதுமாக, தமிழ் விளங்குகிற ஒருவர்கூடப் பார்த்ததில்லை. அது எனக்கு ஒரு குறையாகவே இருந்து வந்தது.

இப்போது அதில் உள்ளதைச் சொல்கிறேன். மதுஜா கொடுத்ததை நீங்களும் கேட்டிருப்பீர்கள், ஆனாலும் என் வாயால் சொல்வது நல்லது.

அவன் கேட்டான்: "கீழ எப்பிடி, பரணி அண்ணை?"

"நல்லா இருக்கு. வா."

"ரெட்டோ என்ன சொல்லுறார்?"

"அவரும் ஓம் எண்டுறார்."

"ஆரோ கத்துற மாதிரிக் கேக்குது?"

"அவர்தான். குளிருதாம், கெதியா வரட்டாம்."

அவன் சிரித்தான். அது தெளிவாகப் பதிந்திருக்கிறது. பிறகு நான் இன்னொரு தடவை, "வா" என்றேன்.

விரிசலை ரெட்டோவுக்கு முன்பே நான் பார்த்திருந்தேன், லென்ஸ் வழியாக. மெல்லிய கோடு, வெயில் சாய்வாக விழுந்ததால் நீல நிறமாகத் தெரிந்தது. அவர் சொல்வதற்கு முன்பே, அந்தக் கோடும் படத்துக்குள் வரட்டும் என்று காட்சியைக் கொஞ்சம் அகலப்படுத்தியிருந்தேன். அது கழலும் என்று எனக்குத் தெரியும். அவன் வந்து இறங்கினால்தான் கழலும் என்றும் தெரியும். அவன் நன்றாகக் குதிப்பதை அடுத்த வருடம் யாரும் எடுக்கலாம், இன்ஸ்புறுக்காரர்கள் என்னைவிட நன்றாகவே எடுப்பார்கள். இதை வேறு யாராலும் எடுக்க முடியாது. இதற்குப் பிறகு அவனை வேறு யாராலும் எடுக்கவும் முடியாது. இரண்டையும் நான் யோசித்தேன். அவசரப்படவில்லை. ஆகவே விபத்து என்று எழுத வேண்டாம். நான்தான் அவனைக் கொன்றேன். அதற்குச் சரியான சொல்லை மொழிபெயர்க்கும் அம்மா போட்டுக்கொள்ளட்டும்.

மதுஜா தாயின் கட்டிலில் உட்கார்ந்து அதைப் போட்டுக் காட்டியிருக்கிறாள். அவள் முதலில் பார்த்துவிட்டுக் காட்டியிருக்கலாம். ஆனால் தமையனுடைய குரல் என்ற ஆவலில் இருவரும் சேர்ந்தேதான் கேட்டார்களாம். ஜெயகௌரி அன்ரி திரும்பவும் போடச் சொன்னாராம். மூன்றாம் தரமும் போடச் சொன்னாராம். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு, "என்ர பிள்ளை சொல்வழி கேட்டுத்தான் வந்திருக்கிறான், மதுஜா. நான் இவ்வளவு நாளும் அவனை ஏசிப்போட்டன்" என்றாராம். அன்றிலிருந்து சாப்பாட்டைத் தொடுவதில்லை என்று கேள்வி.

மதுஜா இதைச் சொன்னது போனில் அல்ல. ஓல்டனிலிருந்து ரயில் பிடித்து, வின்டர்தூரில் என் இடத்துக்கே வந்தாள். வேலை உடுப்போடு வந்திருந்தாள், மேலே ஜக்கெட். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. தேத்தண்ணி வேண்டாம் என்றாள். கத்துவாள் என்று நினைத்தேன், கத்தவும் இல்லை. அழுதிருந்தால் என்ன செய்வது என்று எனக்குத் தெரியும், இத்தனை வருடம் அவர்கள் வீட்டில் பழகியிருக்கிறேன். அவள் மேசை மேல் கையை ஊன்றிக்கொண்டு என்னைப் பார்த்தபடி நின்றாள். பிறகு ஒரேயொரு கேள்வி கேட்டாள். "திரும்ப அந்த இடத்தில நிண்டா என்ன செய்வீங்கள், பரணி அண்ணை?"

அவளுக்கு நேர்மையான பதில் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். அந்தக் குடும்பத்துக்கு அதையாவது செய்ய நான் கடமைப்பட்டிருக்கிறேன். அதனால் நன்றாக யோசித்தேன், அந்த மேட்டையும் வெயிலையும் அவன் வந்த பக்கத்தையும் மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். உங்களிடமும் அதே பதிலைத்தான் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.

"கமராவைக் கொஞ்சம் இடப்பக்கம் தள்ளி வைப்பன்" என்றேன். "ரெட்டோ மறிக்கிறதுக்கு ஓடேக்க அவரின்ர கை மூலையில வந்து படத்தைக் கெடுத்துப்போட்டுது."